லின்தோயின் இடது முழங்கால்

லின்தோய் என் கடையில் ஒருநாளும் உட்கார்ந்து தின்றதில்லை. கால்பந்துப் பயிற்சி முடிந்ததும் மற்றப் பெண்கள் பிரம்பு மோடாக்களை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவள் மட்டும் சிங்ஜூ என்னும் பச்சைக் காய்கறிக் கலவை வைத்த இலையைக் கையில் ஏந்தி, வலது காலில் பாரத்தைப் போட்டு நின்றபடியே தின்பாள். இம்பாலை அடுத்த தௌபாலில் மைதானத்தோரம் கடை வைத்து ஒன்பது வருஷமாகிறது. அதில் நான்கு வருஷமாக இதைப் பார்க்கிறேன். கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு கிராமத்துப் போட்டியில் அவளுடைய இடது முழங்கால் பிசகியது. எலும்பு கட்டுகிறவர் எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் வைத்துக் கட்டினார். இரண்டே மாதத்தில் ஓடினாள். தடுப்பாட்டத்தில் அவளைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. ஆனால் சட்டென்று திரும்பும்போது அவள் முகம் ஒரு கணம் வெளுத்துப்போகும்.

இந்த வருஷம் பெண்களுக்குச் சம்பளத்தோடு லீக் வந்தது. அதுவரை ஜெயித்தால் டிராக்சூட்டோ மின்விசிறியோ கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் கிளப்பும் லீக்கில் சேர்ந்தது. லின்தோய்க்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உடல் பரிசோதனை என்றார்கள்.

அன்று பள்ளிக்கூட அறையில் நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியூர் டாக்டர் நெஞ்சையும் கண்ணையும் பார்த்தார். மூட்டுகளை மடக்கிப் பார்த்துக் குறிக்கும் வேலை கிளப்பின் உடற்பயிற்சி உதவியாளனான எங்கள் ஊர் தோம்பாவுக்கு. லின்தோய் மேசைமேல் காலை நீட்டினாள். முழங்காலில் அவள் அம்மாவின் பழைய பனெக்கிலிருந்து கிழித்த துண்டு சுற்றியிருந்தது. அம்மா இடுப்பில் உடுத்திய துணி பிள்ளையைக் காக்கும் என்று இங்கே கட்டிவிடுவதுண்டு. ஆனால் அயல் ஆண் யாரும் பனெக்கைத் தொடமாட்டான். அது கொடியில் காய்ந்தால்கூட அடியில் நடக்கமாட்டான்.

தோம்பாவின் கை பாதியில் நின்றது.

"அவிழ்த்துடு, தங்கச்சி."

"முதல் ஆட்டம் முடியற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க, அண்ணே."

தோம்பா திரும்பிப் பார்த்தான். டாக்டர் வேறொரு பெண்ணின் கண்ணில் விளக்கடித்துக்கொண்டிருந்தார். தோம்பா தாளில் நன்று என்று எழுதிவிட்டான்.

லின்தோய் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அவளைப் பயம் பிடித்தது. பயிற்சியில் பந்து இடப்பக்கம் வந்தால் ஒரு அடி தாமதித்தாள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவுகிறாள் என்று அவள் அம்மா சந்தையில் சொன்னார்.

தொடக்க ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அரிசி மில்காரர் ஒருவர் என் கடையில் தேநீர் குடித்தபடி கூட்டாளிகளிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுங்க லீக் ஒரு மாசம் தாங்குதான்னு பாப்போம். ஒண்ணொண்ணா ஸ்ட்ரெச்சர்ல போகும். அப்புறம் லீக்காவது, ஒண்ணாவது."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் லின்தோய் நின்றிருந்தாள். அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, அவிழ்க்கக் கூடாதுன்னு அம்மா சொல்லவே இல்ல. நானாச் சொன்னேன்."

நான் அவளுக்கு ஒரு தேநீர் ஊற்றி நீட்டினேன்.

"முதல் நாளே நான் விழுந்தா, என்னை மட்டுமா சொல்லுவாங்க? எல்லாப் பொண்ணுங்களையும்ல சொல்லுவாங்க."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கிளப் மேலாளர் மேம்ச்சாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் ஒரே சிங்ஜூவில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மேம்ச்சா போட்ட சத்தம் மைதானம்வரை கேட்டது. பிறகு அவரே தன் காரில் இம்பாலுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். உள்ளே தசைநார் அறுந்து வருஷக் கணக்காகிவிட்டது என்றார்கள். ஒப்பந்தத்தில் சிகிச்சை எழுதியிருந்ததால் அறுவைச் செலவைக் கிளப் ஏற்றது. தோம்பாவுக்கு வேலை போயிற்று. தொடக்க ஆட்டத்தில் லின்தோயின் இடத்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஆடினாள். அன்று யாரும் விழவில்லை.

இன்று அறுவை முடிந்து ஏழு வாரம். லீக்கில் ஆறு ஆட்டங்கள் ஆகிவிட்டன. மறுபடி ஆட முடியுமா என்பதை ஒன்பது மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். லின்தோயின் ஒப்பந்தம் அதற்கு முன்பே டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை.