ஃபேன் சத்தமும் சுமதியின் தூக்கமும்

என் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேன்கள் கொஞ்ச நாளாக மிக்ஸி மாதிரி அலறுகின்றன.

வேகத்தைக் குறைக்க கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயாஸில் செட் பண்ணுவதா, சாஃப்ட்வேர் போடுவதா, தனியாக கன்ட்ரோலர் வாங்குவதா? இன்று வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு ஆன்லைன் குரூப்பில் இதைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி சுமதி நர்ஸ்; 'ங்க' என்பதற்குப் பதில் கன்னட 'ரீ' போட்டுப் பேசுவாள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, கம்ப்யூட்டர் இருக்கும் ரூமில்தான் படுத்தாள். விஜயநகரில் எங்கள் வாடகை வீட்டில் இருப்பது ஒரே பெட்ரூம்.

மத்தியானம் தண்ணீர் குடிக்க கிச்சனுக்குப் போனால், சிலிண்டர் பக்கத்தில் வெறும் தரையில் சுருண்டு கிடக்கிறாள். காதில் பஞ்சு.

"ஏன் சுமதி இங்க?"

"அங்க ஒரே சத்தம்ரீ. ஆபீஸ் வேலை பாக்கறீங்கன்னு ஒண்ணும் சொல்லல."

கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். உடனே தூங்கிவிட்டாள்.

சாயங்காலம் எழுந்ததும் கேட்டாள்: "ஐயோ, என்னால உங்க வேலை நின்னுபோச்சாரீ?"

"இல்லம்மா, முடிஞ்சுடுச்சு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எந்த முறை நல்லதென்று கமென்ட்டில் சொல்லுங்கள். தயவுசெய்து சுமதியை மட்டும் டேக் பண்ணிவிடாதீர்கள். உண்மையை நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.