அலகு குத்திய கன்னம்

மகளுக்குப் பிள்ளை பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உதிரம் நிற்கவில்லை என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து சொன்னாள். கையிருப்பிலிருந்த ஒரே ரத்தப் பையையும் ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு ஓ நெகட்டிவ். அது லேசில் கிடைக்காதாம்.

எனக்கு விளங்கட்டும் என்று நர்ஸ் சொன்னாள்: "போர் மோட்டார் பாத்திருக்கீங்கல்லம்மா? தண்ணி கீழ போயிட்டா அது பாட்டுக்கு வெறுமனே ஓடும்ல, ஒங்க பொண்ணு இருதயம் இப்ப அப்படித்தான் அடிச்சிக்கிது. சுத்தி வர ரத்தம் பத்தல."

எட்டிப் பார்த்தேன். மகளின் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

எனக்கு வேறு வகை; என் மகனுக்கு அதே ரத்தம்தான். பெரம்பலூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க சிஸ்டர்" என்று சட்டைக் கையை மடித்தான். ஒரு தாளைக் கொடுத்தார்கள். மளமளவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓராண்டுக்குள் பச்சை குத்தியதுண்டா, காது குத்தியதுண்டா, அலகு குத்தியதுண்டா என்று கேட்டிருந்தது.

தங்கச்சிக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் செட்டிகுளம் முருகனுக்குக் கன்னத்தில் அலகு குத்தியிருந்தான். தாடி அந்தத் தழும்பை மறைத்திருந்தது.

திரும்பி வந்தவனிடம் அந்த வரியைக் காட்டினேன். "வாய மூடிக்கிட்டு இரும்மா. அவ போயிடுவா" என்றான்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. கண்டக்டரிடம் ஊர்ப் பெயர் சொல்லவே கூசுகிறவள் நான். ஆனாலும் சொன்னேன். "சிஸ்டர், இவன் அலகு குத்தியிருக்கான்."

நர்ஸ் தாளை வாங்கிக்கொண்டாள். "எத்தன பேருக்குக் குத்துன வேலோ! கிருமி ஏறியிருந்தா டெஸ்ட்ல ஒடனே தெரியாதும்மா. ஏத்துன ரத்தம் ஒரு நிமிஷத்துல ஒடம்பு பூரா சுத்திடும். வேற ஆளப் பாருங்க."

"பேசாத வாயி இன்னைக்குத்தான் பேசணுமா? கொன்னுட்டியேம்மா!" என்று மகன் சுவரில் அடித்துக்கொண்டு அழுதான். போன் போட்டதில் பெரம்பலூர் ரத்த வங்கியிலும் இல்லை என்றார்கள்.

சீட்டுப் போடும் வரிசைக்கு ஓடினேன்.  கத்தினேன். "ஓ நெகட்டிவ் யாருக்காவது இருக்காங்க? எம்பொண்ணு சாவுறாங்க!" எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பழையபடி நின்றார்கள். மறுபடி கத்தினேன். முந்தானை விலகியதுகூடத் தெரியவில்லை.

புருஷன் காலுக்குக் கட்டுப்போட உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி எழுந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள். "எனக்கு அதுதான்னு பிரசவத்தப்ப சொன்னாங்கக்கா."

"நீயே ஈக்குக்குச்சியாட்டம் இருக்க. ஒக்காரு" என்றார் புருஷன்.

"நீ உறிஞ்சது போவ மிச்சம் இருக்குய்யா" என்றவள் என்னிடம் திரும்பினாள். "காலையிலேர்ந்து டீத்தண்ணிதான். ரெண்டு இட்லி வாங்கிக் குடுக்கா, போய்ப் படுக்குறேன்."

அவள் ரத்தத்தைச் சோதித்துக் கொண்டுவந்து ஏற்றும் வரை மகனும் நானும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

மகள் பிழைத்துவிட்டாள். பேத்தி இப்போது தவழ்கிறாள். மகன் மட்டும் வரும்போதெல்லாம் கேட்கிறான், "அந்தப் பொம்பள மட்டும் வரலன்னா என்னம்மா பண்ணியிருப்ப?"

 சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.