லைன் வந்ததும் பேசும் என் குரல்

பிரசவத்துக்காகத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த தங்கை, குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் இங்கேயேதான் இருந்தாள். அவளுக்கு விழுப்புரத்தில் ஒரு பில்லிங் ஆபீசில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்கள். லேப்டாப்பில் விபிஎன் என்று ஒன்றைப் போட்டால் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு மூடிய வழி திறக்கும். அது அறுந்துவிட்டால், ஆபீசைப் பொறுத்தவரை அவள் சீட்டில் இல்லை.

எங்கள் தெருவில் நெட் போவதும் வருவதுமாக இருக்கும். உள் அறையில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அவளுக்கு அது தெரியாது. ஒருநாள் மேனேஜர் அம்மா போன் செய்தார். “இந்த வாரம் பாக்கறேம்மா. இப்படியே இருந்தா திங்கக்கிழமைலேர்ந்து ஆபீசுக்கு வந்துடு.”

குழந்தை புட்டிப்பால் குடிக்காது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்த விபிஎன்ல ஒரு வசதி இருக்குக்கா,” என்றாள் தங்கை. “லைன் போனா நான் எழுதி வச்ச ஸ்கிரிப்ட் ஒன்னு ஓடும். வந்தா இன்னொன்னு ஓடும்.”

ஏழாவதோடு நின்றவள் நான். விழித்தேன்.

“கரண்டு போனா நீ என்னா பண்ற?”

“தையல் மெஷின் சுவிட்ச அணைப்பேன். அயர்ன் பாக்ஸ புடுங்குவேன்.”

“வந்தா?”

“ஜல்தியா மோட்டரு போடுவேன். மறுபடியும் போயிட்டா?”

“அவ்ளோதான். அத மாதிரி இதுக்கும் எழுத்துல சொல்லி வைக்கறேன்.”

உள் அறைக்குக் கேட்கும்படி ஸ்கிரிப்டில் பீப் சத்தம் வைத்தால் பாப்பா விழித்துக்கொள்ளும், பெரியம்மா குரல் என்றால் தூங்கிக்கொண்டே இருக்கும் என்று என்னையே பேசச் சொல்லிப் பதிவு செய்தாள். போனதற்கு, “லைன் போச்சிடி, வா.” அது சுருக்கமாக வந்துவிட்டது. வந்ததற்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. “லைன் வந்துடுச்சிடி. ஓடாத, தரை ஈரமா இருக்கு. பாப்பாவுக்கு ரெண்டு பக்கமும் தலகாணி வை. சாப்டியா? தண்ணியாவது குடி. அந்தம்மா போன் பண்ணா பதறாம பேசு...” இன்னும் போனது. அவள் சிரித்துக்கொண்டே அப்படியே வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பேஜாருதான். முன்பெல்லாம் நெட் வந்தவுடன் வழி திறந்துவிடும். இப்போது திறக்கவே நேரம் பிடித்தது. நெட்காரர் வந்து ஒயரை மாற்றிவிட்டுப் போனார். நெட் பெட்டி சூடாகிறதோ என்று பயந்து, நான் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எந்த நேரத்தில் என்ன செய்தது என்று விபிஎன் தானே எழுதி வைத்திருந்த லாகை உட்கார்ந்து படித்த தங்கை மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீ பேசி முடிக்கற வரைக்கும் அது காத்துக்கினு நிக்குது.”

“எது?”

“விபிஎன்னுதான். ஸ்கிரிப்ட் முடிஞ்சாதான் அது அடுத்த வேலைக்குப் போவும். பெரியவங்க பேசறாங்கன்னு வழியத் தொறக்காம கைகட்டிக்கினு கேட்டுக்கினு இருக்குது.”

“அழிச்சிடுடி. என்னால உன் வேல போவணுமா?”

“ஏன் அழிக்கணும்?” ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். இனி அது என் குரலைத் தனியாக ஓட விட்டுவிட்டு உடனே முடிந்துவிடுமாம். “நீ ஒரு பக்கம் பேசிக்கினு இரு. அது ஒரு பக்கம் அதோட வேலையப் பாக்கும்.”

“கொஞ்சம் வெட்டிடேன்.”

“எத வெட்டறது? சாப்டியாவ வெட்டட்டா?”

நெட் ஒயரைப் பிடுங்கி, மறுபடி சொருகிப் பார்த்தோம். பதிவில் என் குரல் தலகாணிக்கு வருவதற்குள் வழி திறந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று தங்கை போனில் சொன்னதற்கு, “காலைல பாத்துட்டு சொல்றேன், எதுக்கும் கிளம்பி ரெடியா இரு,” என்றார் மேனேஜர்.

எனக்கு நம்பிக்கை இல்லை. விடிந்ததும் புளிசாதம் கிளறி டப்பாவில் அடைத்தேன். தங்கை புடவை கட்டிக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நெட் போனது. நான் பூஜை அலமாரியைப் பார்த்தபடி நின்றேன். வந்தது, என் குரல் ஆரம்பித்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

“உடனே வந்துட்டியே, பாத்தேன். பின்னால யாரும்மா தண்ணி குடிக்கச் சொல்றது?”

“எங்க அக்கா, மேடம்.”

“குடி. பாப்பா நடக்கற வரைக்கும் அங்கயே இரு.”

மத்தியானம் தரையில் உட்கார்ந்து, விழுப்புரம் பஸ்ஸுக்கென்று கட்டிய புளிசாதத்தை டப்பாவோடு வைத்து இருவரும் சாப்பிட்டோம். பயத்தில் உப்பை இரண்டு முறை போட்டிருந்தேன். அவள் எழுந்து போய்த் தயிரை எடுத்து வந்தாள்.