அத்தான் காரில் இருந்த பென்டிரைவ்

அத்தான் இறந்த அன்று நான் செய்த ஒரு காரியத்தை அக்காவிடம் சொல்லவே இல்லை. மெர்போக்கில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் பிண வண்டி வந்துவிட்டது. வழிவிடுவதற்காக அத்தானின் காரை நகர்த்தப் போனேன். சாவியைத் திருப்பியதுதான் தாமதம், ஒரு குத்துப்பாட்டு வாசலே அதிரும்படி கிளம்பியது. அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. எந்தப் பொத்தானை அமுக்குவதென்று தெரியாமல், ஓடிக்கொண்டிருந்த பென்டிரைவை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் நெருங்கியபோது அக்கா கேட்டாள்.

"கோயில்ல அவரு பாடுனத போன்ல புடிச்சியே தம்பி, அத அவரு பென்டிரைவ்லயே போட்டுக் குடு. படையலன்னிக்கி வீட்டுல போடுவோம்."

என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ்தான். செருகினால் பாட்டெல்லாம் தெரிகிறது. அத்தான் குரலை மட்டும் உள்ளே விட மறுக்கிறது. எழுத அனுமதி இல்லையாம். இணையத்தில் கண்ட கட்டளைகளை எல்லாம் அடித்து அனுமதியை மாற்றிப் பார்த்தேன். மசியவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "அவரு குரலுக்கே அனுமதி இல்லையா?" என்று லேப்டாப்பை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஃபார்மட் செய்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அத்தான் வருஷக்கணக்காகச் சேர்த்த பாட்டுகள், வேறெங்கும் இல்லை. கை வரவில்லை.

மறுநாள் லேப்டாப்பையும் பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டாரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தமிழ் முஸ்லிம் பெண், என்னைவிட இளையவர். திரையைப் பார்த்ததுமே கேட்டார்.

"அண்ணே, கெரேத்தாவுல பாட்டு ஓடுறப்பவே புடுங்கிட்டீங்களா?"

காரில் பிடுங்கியது இவருக்கு எப்படித் தெரியும்? திருடன் அகப்பட்ட மாதிரி முழித்தேன்.

"பெர்மிஷன மாத்தி ஒன்னும் ஆவாதுண்ணே. அப்புடிப் புடுங்குனதுல உள்ள கோளாறு. மேல எழுதுனா இருக்குறதும் போயிரும்னு லினக்ஸே பூட்டி வச்சிருக்கு. நல்லதுதான் செஞ்சிருக்குலா."

முதலில் பாட்டுகளை எல்லாம் தன் கணினியில் நகலெடுத்தார். பிறகு பென்டிரைவின் இணைப்பை விடுவித்து, அதாவது அன்மவுண்ட் செய்து, கோளாறைத் திருத்தும் கட்டளையை ஓட்டி, மறுபடி செருகினார். அத்தான் குரல் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னேனோ தெரியாது. திட்டு வாங்கிய லேப்டாப்புக்கும் மனதுக்குள் ஒன்று சொன்னேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு முன்னால் அத்தான் பாடினார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவர் பாடி முடித்தார். அடுத்த நொடி, அதே குத்துப்பாட்டு!

அலறியடித்துக்கொண்டு ஸ்பீக்கரை நோக்கி ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கித்தான் பாதியில நிப்பாட்டிட்ட. இன்னிக்காச்சும் அவரு முழுசா கேக்கட்டும், விடு."