ரூட் இரண்டும் எட்டாவது பெண்டும்

எப்போதாவது ஒரு கம்ப்யூட்டரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறீர்களா? நான் போன வாரம் கோபித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கணக்கு டீச்சர். இங்கே மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக வேலை. அதுவும் இந்த மாதத்தோடு சரி. சேலத்தில் ஒரு காலேஜில் இன்டர்வியூ வந்தது. கணக்குப் போடுவதற்கென்றே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழியை, ஒன்றும் தெரியாதவர்களுக்கு அறிமுகம் செய்து காட்ட வேண்டுமாம். பழகிப் பார்க்க ஒன்றும் தெரியாத ஆள் வேண்டுமே... நேராக என்னிடம் வந்துவிட்டாள்!

லேப்டாப்பைத் திறந்து, ஏதாவது கேட்கச் சொன்னாள். ரூட் இரண்டு எவ்வளவு என்று கேட்டேன். பதில் வந்தது — ரூட் இரண்டு.

எனக்கு எரிச்சல். கேட்டதையே திருப்பிச் சொல்ல ஒரு மிஷினா? அதற்கு என் வீட்டுக்காரர் போதாதா?

"ஏனுங்க அக்கா, பஸ் எங்க வருதுன்னு கேட்டா எட்டாவது பெண்டுன்னுதானுங்க சொல்றோம்? அது சரியான பதிலுங்க. எத்தன நிமிசம்னு கேட்டா உத்தேசமாத்தான் சொல்லோணும். இதுவும் அப்படித்தானுங்க. தசமத்துல வேணும்னு தனியா கேட்டாத்தான் தரும்."

அட, புரிந்துவிட்டதே! எத்தனையாவது பெண்டு என்று கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்லித்தானே இந்த மலையில் தூரத்தை அளக்கிறோம். நிமிஷக் கணக்கைப் பனியும் லாரியும் கெடுத்துவிடும். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்து எக்ஸ், ஒய் என்று ஆரம்பித்தாள். எக்ஸ் எவ்வளவு என்றேன். தெரியாது என்றாள். தெரியாமலே எப்படிக் கணக்குப் போடும்? அதுதான் இதன் விசேஷமாம்! எண்ணே இல்லாமல் கணக்கா... காபி ஊற்றாமல் வெறும் டம்ளரை ஆற்றுவது போலிருந்தது எனக்கு.

மறுபடி மறுபடி விளக்கினாள். தலையாட்டினேன். ஆட்டிய தினுசிலேயே கண்டுபிடித்துவிட்டாள். முகம் வாடிவிட்டது.

"உங்களுக்கே புரியற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியல... அங்க போயி என்ன பண்ணுவனோ. நொம்ப பயமா இருக்குதுங்க அக்கா."

எனக்கு அவளைவிடப் பயம். ஒரு பெண்ணின் வேலை என் மண்டையை நம்பியா இருக்க வேண்டும்?

இன்டர்வியூ அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். இதை யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார்களாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்றாளாம். அவருக்குப் புரிந்ததா என்று அடுத்த கேள்வி.

"பாதிதானுங்க புரிஞ்சுது, மீதி எனக்குச் சொல்லத் தெரியலைங்கன்னு உள்ளதைச் சொல்லிட்டேனுங்க."

இப்படிச் சொல்கிற டீச்சர்தான் வேண்டும் என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

புத்திசாலியாகப் பிறந்திருந்தால் இந்தப் புண்ணியம் எனக்குக் கிடைத்திருக்குமா?