வைஸில் பாதி

தெருவில் அவருக்கு உடும்பர் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வழி கேட்டு வருகிறவர்களிடம் மட்டும், "உடும்பர் வீடா? ஜன்னல்ல எட்டிப் பாருங்க. உள்ள இரும்பு வாயா வரிசையா திறந்திருந்தா அதுதான்" என்று அடையாளம் சொல்வார்கள்.

அந்த இரும்பு வாய்கள் எல்லாம் பழைய வைஸ்கள். அறுக்கவோ அரத்தால் ராவவோ வேண்டிய இரும்பை அசையாமல் கவ்விப் பிடிப்பதற்காகப் பட்டறை மேசையில் முடுக்கி வைப்பது. ஒரு தாடை உடம்போடு சேர்ந்தது, நகராது. மற்றது கைப்பிடியைத் திருகத் திருக ஊர்ந்து வந்து கவ்வும். அப்படி முப்பத்தொன்று வைத்திருந்தார். குடியிருந்ததோ இரண்டே அறை உள்ள வீடு. முன்னறை அவற்றுக்கு, பின்னறை அவருக்கும் மனைவிக்கும். "அதுங்க வீட்டுல நாம ஒண்டியிருக்கோம்" என்று மனைவி சொல்வாள். சொல்லும்போது சிரிப்பதை அவள் நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது.

தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் அவர் ஃபிட்டர். விடுமுறை நாளில் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவார். குவியலில் ஒரு வைஸ் கண்ணில் பட்டால் போதும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகரும் தாடையை வெளியே இழுத்து, அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "எடை போட்டு வாங்கறவங்களைப் பார்த்திருக்கேன், நாடி பார்த்து வாங்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பான் கடைக்காரன்.

வாங்கியதை நான்கு நாள் டீசலில் ஊறப்போடுவார். திருகு இளகும்வரை மரச்சுத்தியால் தட்டுவார், அதட்டாமல், தூங்குகிறவனை எழுப்புவது போல. கம்பி பிரஷால் துருவை எடுப்பார். திருகின் மரையில் இறுகிப்போன கிரீஸைத் தீக்குச்சியால் சுரண்டுவார். முன்பு வைத்திருந்தவன் சுத்தியலால் போட்ட தழும்புகளை மட்டும் தொடமாட்டார். "ரெண்டு இழுப்பு ராவினா மழமழன்னு ஆயிடுமே" என்று யாராவது சொன்னால், "வேணாம்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. ஃபிட்டர் வீட்டில் ஒரு அரம்கூடக் கிடையாது என்பதைத் தெருவில் யாரும் கவனித்ததில்லை. மனைவி கவனித்திருந்தாள், கேட்கவில்லை.

மேசைக்கு அடியில் சாக்குப் போட்டு மூடிய ஒன்று இருந்தது. அது முப்பத்தொன்றில் சேர்த்தி இல்லை. ஏனென்றால் அது பாதிதான்.

அது அவருடைய அப்பாவின் வைஸ். அப்பா ஜன்னல் கம்பி, கதவு என்று செய்கிற பட்டறை வைத்திருந்தார். வேலை முடிந்ததும் வைஸின் வாயை வெறுமனே மூடி ஒரு இறுக்கு இறுக்குவார். 'டக்' என்று ஒரு சத்தம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'ணங்' என்று இன்னொன்று. வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் அதைக் கேட்டதும் பாய்ந்து பாடப்புத்தகத்தைத் திறப்பார்கள். தம்பி பல நாள் தலைகீழாகத் திறந்து வைத்து அடி வாங்கியிருக்கிறான்.

அப்பா போன பிறகு பாகம் பிரித்தார்கள். பிரித்து வைக்கத் தாய்மாமா வந்திருந்தார். வீடு பிரிந்தது, பட்டறை பிரிந்தது, சுத்தியல்கள்கூடச் சண்டையில்லாமல் பிரிந்தன. வைஸில் வந்து நின்றது. எனக்கு என்றார் இவர். எனக்கு என்றான் தம்பி. காலையில் தொடங்கியது மதியம் வரை ஓயவில்லை. பசியும் கோபமுமாக மாமா கத்தினார்: "அப்போ அதையும் ரெண்டா கழட்டி ஆளுக்குப் பாதியா தூக்கிட்டுப் போங்கடா!"

வெட்கப்பட்டாவது விட்டுக்கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் மாமா சொன்னார். தம்பி எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகினான். திருகிக்கொண்டே இருந்தான். நகரும் தாடை திருகோடு கழன்று அவன் கைகளில் விழுந்தது. அதைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனான். உடம்பு இவருக்கு. அதன் பிறகு பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் பேசவில்லை. ஒரே ஊரில்தான் இருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, தம்பி மனைவி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு துணிப்பை, அதன் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். உடும்பரின் மனைவி ஓடிப்போய்ப் பையில் ஒரு கை கொடுத்து, ஓரகத்தியை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

"அவருக்கு ரொம்ப முடியலை மாமா" என்றாள் வந்தவள். "நுரையீரல். ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கோம்."

பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார். மாட்டி, மாமனார் செய்வாராமே, அந்த மாதிரி ஒரு தடவை இறுக்கணுமாம். போன்ல கேக்கணுமாம். ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடறேன்னார்."

அவர் பையைப் பிரித்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய தாடை. ஒரு புள்ளி துரு இல்லை. மரையில் புது கிரீஸ்.

"மாசாமாசம் போடுவார்" என்றாள் அவள். "எதுக்குங்க இந்தப் பாதியைக் கட்டிட்டு அழறீங்கன்னு நானே திட்டியிருக்கேன். மீதி வர்றப்ப இது தயாரா இருக்கணும்பார்."

அவள் போனதும் அவர் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சாக்கை விலக்கி உடம்பை வெளியே இழுத்தார். ஒரு டப்பாவிலிருந்து, திருகு போய்ப் பிடிக்கும் பழைய நட்டை எடுத்து அதன் இடத்தில் பொருத்தினார். தாடையை உள்ளே விட்டார். தடை இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அசைத்துப் பார்த்தார். கடகடவென்று ஆடியது, பாட்டில் மூடியை வாளிக்கு மூடினது போல.

ஆடும் என்று அவருக்குத் தெரியும். தாடை நுழைகிற அந்த உடம்பின் வாயை ராவியது அவர்தான்.

பிரிந்த மறு வருஷமே அது நடந்தது. தம்பி இல்லாமலே வைஸை முழுசாக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. ஊரெல்லாம் தேடி, கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு தாடையைக் கொண்டுவந்தார். ஒரு நூல் தடிமன் கூடுதல். தாடையை ராவியிருக்கலாம். கோபத்தில் அப்பாவின் வைஸை ராவினார். இரண்டு நாள், நான்கு பக்கமும். அந்த வேற்றுத் தாடை மூன்று மாதத்தில் ஒரே சுத்தியல் அடிக்கு விரிசல் விட்டது. அதைத் தூக்கி எறிந்தார். அரங்களையும் எறிந்தார். வெட்டின முடி வளரும், ராவின இரும்பு வளருமா? அதன் பிறகு பிடித்த பைத்தியம்தான் மற்ற முப்பத்தொன்றும். ஒவ்வொன்றிலும் தாடையை இழுத்து முதுகைத் தடவிப் பார்ப்பார், இந்த அகன்ற வாய்க்கு எதுவாவது சரியாக அமையுமா என்று. எதுவும் அமையவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. பித்தளைத் தகடு வெட்டி இடைவெளியில் செருகினார். ஆட்டம் நின்றது. இறுக்கினார். 'தொப்' என்றது, ஈரச் சாக்கைக் கீழே போட்டது போல. தகடு மாற்றினார், இரண்டு தகடு வைத்தார், ஒரு பக்கம் மட்டும் வைத்தார். தொப், தொப்.

சனிக்கிழமை அவர் வேறொன்று செய்தார். முப்பத்தொரு வைஸையும் வரிசையாக மூடி இறுக்கிக்கொண்டே வந்தார், காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு. ஒன்று கிணுகிணுத்தது, ஒன்று இருமியது. பத்தொன்பதாவது, ஒரு அச்சகத்தை இடித்தபோது வாங்கியது. டக், ணங். மறுபடி இறுக்கினார். கிட்டத்தட்ட அதேதான்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏங்க, உள்ளதைச் சொல்லிடுங்களேன்."

"சாகக் கிடக்கிறவன்கிட்டயா?"

"அவர்கிட்டதான் சொல்லணும். அப்புறம் யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?"

"நீ சும்மா இரு."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. முதலில் மெஷின் சத்தம்தான் கேட்டது, உஸ், உஸ் என்று. அப்புறம், "அண்ணே."

"சொல்றா."

"இன்னும் உடும்புன்னுதான் கூப்பிடறாங்களாமே?"

"ஆமா."

"பரவால்ல. ஓணான்னு கூப்பிடாம விட்டாங்களே." சிரிக்கப் போய் இருமினான். இருமல் ஓய வெகு நேரமானது. "மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"எண்ணெய் போட்டியா?"

"ஏன்டா, நான் என்ன பச்சைக் குழந்தையா? போட்டேன்."

"சரி, இறுக்கு. நான் கண்ணை மூடிக்கிறேன்."

போனை அச்சகத்து வைஸின் பக்கத்தில் வைத்தார். வாயை மூடி, கைப்பிடியில் உடம்பின் கனத்தைப் போட்டு இறுக்கினார். டக், ணங். அறை முழுக்கப் பரவி அடங்கியது. போனை எடுத்துக் காதில் வைத்தார்.

உஸ், உஸ்.

"நல்லா இருக்குண்ணே" என்றான் தம்பி. "ரொம்ப நல்லா இருக்கு. யாரோட வைஸ் அது?"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னறை வாசலில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது... ஒரு அச்சகத்துல வாங்கினது."

"நம்மளுது?"

"ஆடுதுடா. வாயை நான் ராவிட்டேன். வேற ஒண்ணை மாட்டிப் பார்க்க ராவிட்டேன்."

"எப்ப?"

பொய் சொல்ல அந்த ஒரு இடம் மிச்சமிருந்தது. போன வருஷம் என்று சொல்லியிருக்கலாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயில் உண்மைதான் வந்தது.

"நாம பிரிஞ்ச மறு வருஷம்."

மெஷின் நான்கைந்து தடவை மூச்சு விட்டது.

"மறு வருஷமேவா?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். கணக்கு தப்பாகப் போட்டுவிட்ட பையனின் குரலாக இருந்தது. "நான் பத்தொன்பது வருஷமா கிரீஸ் போட்டுட்டிருக்கேன்ணே."

"பார்த்தேன்டா."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"நீயும் கேக்கலையேடா."

"ஆமா. நானும் கேக்கலை." இருமினான். "சரி. என் பாகத்தைக் குடுத்து அனுப்பிடு."

"டேய், இருடா, நானே நேர்ல..."

போன் கை மாறியது. "அவருக்கு மூச்சு வாங்குது மாமா, அப்புறம் பேசலாம்" என்றாள் அவன் மனைவி.

திங்கட்கிழமை காலை, அவர் தாடையைக் கழற்றினார். துடைத்து, மரைக்கு கிரீஸ் போட்டு, அதே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒரு பையில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, உடம்பை இன்னொரு பையில் வைத்தார். அவன் பாகத்தோடு தன் பாகத்தையும் அவனிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு. ஆடினால் ஆடட்டும், ஒரே வீட்டில் இருக்கட்டும். ஆளுக்கொரு தோளில் மாட்டிக்கொண்டதில் நடக்கச் சிரமமாக இல்லை. கனத்துக்குக் கனம் சமமாக இருந்தது.

தம்பி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலின் கால்மாட்டில் போர்வைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு இரும்பு அலமாரி, அதன் தட்டில் காலியாக ஒரு இடம். தம்பி மனைவி வெளியே வந்து, சத்தமில்லாமல் அவர் பையிலிருந்து எடுத்து நீட்டிய எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவர் இன்னொரு பையையும் தோளிலிருந்து இறக்கப் போனார்.

"அது வேணாம் மாமா. அவர் பாகம் மட்டும் வாங்கி வைக்கச் சொன்னார்."

"தூங்கறானா?"

அவள் பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். இந்த வீட்டில் இன்னொரு பொய்க்கு அவளுக்கும் தெம்பு இல்லை போலிருந்தது. "முழிச்சுதான் இருக்கார்" என்றாள்.

அவள் உள்ளே போய் அலமாரித் தட்டில் அதை வைத்தாள். தகரத்தில் இரும்பு உட்காரும் சத்தம் கேட்டது. பாதம் அசையவில்லை. அவர் சற்று நேரம் வாசலில் நின்றார். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியெல்லாம் ஒரு பக்கமாக இழுத்தது. வலது தோளிலிருந்து இடதுக்கு, இடதிலிருந்து வலதுக்கு என்று மாற்றிக்கொண்டே போனார். நிறுத்தத்தில் பையைக் கீழே வைத்ததும் சிமென்ட் தரை 'ணக்' என்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காலை நகர்த்திக்கொண்டு, "என்ன சார் இவ்வளவு கனம்?" என்றார்.

"வைஸ். பாதி."

"பாதியா? மீதி?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போல அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது தம்பியோடது" என்றார்.