பாப்பாரப்பட்டிக்கு மணமுள்ள லில்லி வாங்கப் போனோம்

வாசனைச் செடியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். 1973 ஜூனில், முதல் மழை பெய்து பத்து நாள் கழித்து, நானும் மனைவி ரெஜினாவும் போய்வந்த பயணத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று தெரிந்துகொண்டதுதான்.

அப்போது நான் கம்பைநல்லூரில் பள்ளி ஆசிரியர். ரெஜினா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவர்கள் வாசலில் மஞ்சள் லில்லி புதராக மண்டிக் கிடக்குமாம். காலையில் கதவைத் திறந்தால் முதலில் அந்த மணம்தான் உள்ளே வரும் என்பாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்தச் செடி ஒன்றைத்தான். முந்தின வருடம் கடத்தூர் சந்தையில் ஒருவர் சத்தியம் செய்து கொடுத்த கிழங்கை, வெறும் இலையைப் பார்த்து வாங்கிவந்தேன். ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. மணம் துளிகூட இல்லை. ரெஜினா அதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றினாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் சவரியம்மாள் என்பவர் லில்லி வகைகள் வளர்க்கிறார், பூத்திருக்கும்போது மட்டும்தான் விற்பார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினோம். காலை ஐந்தரைக்குப் பஸ். தருமபுரிக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. அங்கே டீ குடித்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் எழுபது பைசா டிக்கெட். கண்டக்டரிடம் வழி கேட்டேன்.

“பூக்காரம்மா வூடுங்களா? பஸ் ஸ்டாண்டுல எறங்கி வடக்கால ஒண்ணரை மைல் நடங்க. வெயில் ஏறுனா வாசம் போயிருமுன்னு அந்தம்மா கதவச் சாத்திக்கும், வெரசாப் போங்க.”

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சவரியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் சேறு. ரெஜினாவைப் பார்த்ததும், “தலையில இருக்குற மல்லிப்பூவ எடுத்து வெச்சுட்டு வாம்மா. இல்லாட்டி எதை மோந்தாலும் மல்லிதான் மணக்கும்” என்றார்.

மூன்று பாத்திகளிலும் மஞ்சள் பூக்கள். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ரெஜினா ஒவ்வொன்றாகக் குனிந்து, கண்ணை மூடி முகர்ந்தாள். மூன்றாவது பாத்தியில் வெகுநேரம் நின்றாள்.

“எதுலயும் வாசனை இல்லீங்க” என்றாள்.

“என்னம்மா இப்படிச் சொல்லிட்டே? நீ நிக்கிற பாத்தி வாசம் எனக்கு இங்கயே அடிக்குதே!”

நான் போய்க் குனிந்தேன். மணம் முகத்தில் வந்து மோதியது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. தை மாதம் அவளுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் படுத்திருந்தாள். அதன் பிறகு இரண்டு முறை பால் தீய்ந்து, தெருவரை நாற்றம் வந்தும் அவள் எழுந்து போகவில்லை. கவனமில்லை என்று நான் திட்டியிருந்தேன்.

அவள் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சவரியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “திரும்பிப் போயிரலாமா?” என்றேன்.

“வேண்டாம். எப்படி மணக்குதுன்னு நீங்க சொல்லுங்க.”

மூன்றையும் திரும்பத் திரும்ப முகர்ந்தேன். முதலாவது பச்சைப் புல். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது, “ஆரஞ்சுத் தோலைக் கிள்ளுன மாதிரி. அப்புறம் தேன். கடைசியில லேசா மழை ஈரம்” என்றேன்.

முந்தானையை விலக்கினாள். “அதுதாங்க. எங்க வூட்டுப் பூ அதுதான்.”

நான் முகர்ந்த அதே புதரிலிருந்துதான் கிழங்கு வேண்டும் என்றேன். “பின்னே வேற எதைத் தருவேன்?” என்று சொல்லி, சவரியம்மாள் எங்கள் கண்முன்னே பிரித்து, இலையைச் சாண் உயரத்துக்கு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார். விலை மூன்று ரூபாய்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பூவில்லாத நாளில் வாங்காதீர்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஒன்பது மணிக்குள் போய், தலைப்பூவும் பவுடரும் இல்லாமல் முகருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் அழைத்துப் போங்கள்.

ரெஜினாவுக்கு வாசனை திரும்பவே இல்லை. மறுவருடம் செடி பூத்தது. ஒவ்வொரு பூவும் ஒரே நாள்தான், சாயங்காலம் வாடிவிடும். தினமும் காலையில் என்னைக் கூட்டிப்போய் முகரச் சொல்லி, எப்படி மணக்கிறது என்று கேட்பாள். ஒருநாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே, “நேத்து மாதிரியேதான் இருக்குது” என்றேன்.

“நேத்துப் பூ வாடிப் போச்சுங்க. இது இன்னிக்குப் பூத்தது. குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தேன்.